பாதியில் இருக்கும் புத்தகம்

எங்கள் வாசகர் வட்டத்துக்கு வர நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "என்ன புத்தகம் கொண்டுவரணும்?" பாதியில் இருப்பதைக் கொண்டுவாருங்கள் என்பேன். படித்து முடித்தது வேண்டாம். வாங்கி வைத்து இன்னும் பிரிக்காததும் வேண்டாம். கொஞ்ச தூரமாவது உள்ளே போயிருக்க வேண்டும், முடிவு மட்டும் தெரிந்திருக்கக் கூடாது.

முடித்தவர் தீர்ப்புச் சொல்ல ஆரம்பித்துவிடுவார். "அருமையான நாவல், கட்டாயம் படிக்கணும்" என்பார். எல்லாரும் தலையாட்டுவோம். அதோடு சரி, ஒருவரும் அந்தப் புத்தகத்தைத் தேடிப் போக மாட்டார்கள். பாதியில் நிற்பவரிடம் தீர்ப்பு இருக்காது. சந்தேகம் இருக்கும், எரிச்சல் இருக்கும், "இவ ஏன் மறுபடி அந்த வீட்டுக்குப் போனா?" என்ற கேள்வி இருக்கும். அதைக் கேட்டுக்கொண்டிருப்பவருக்குத்தான் புத்தகத்தைப் பார்க்கக் கை நீளும்.

விதி என்னுடையதில்லை. வட்டம் நடத்துகிற வேலையை எனக்குச் சொல்லித்தந்த அண்ணன் போட்டது. சிங்கப்பூர்த் துறைமுகத்தில் டேலி கிளார்க்காக இருந்தவர் அவர். கப்பலில் ஏறுகிற சரக்கையும் இறங்குகிற சரக்கையும் எண்ணிச் சீட்டில் குறிக்கிற வேலை. ஓய்வு பெற்ற பிறகு அவரைப் பார்க்க வேண்டுமானால் புக்கிட் மேரா நூலகத்தில் தமிழ் அலமாரிப் பக்கம் போக வேண்டும். 1982-ல் திறந்த நூலகம் அது. அலமாரி முன்னால் நின்றுகொண்டு நாலைந்து பேர் முணுமுணுத்ததுதான் எங்கள் வட்டத்தின் தொடக்கம். பெயரோ தலைவரோ செயலாளரோ கிடையாது, இன்றைக்கும்தான். 2018 கடைசியில் அந்த நூலகத்தை மூடினார்கள். அடுத்த ஜனவரியில் விவோசிட்டி மூன்றாம் தளத்தில் ஹார்பர்ஃபிரண்ட் நூலகம் திறந்தது. செந்தோசாவைப் பார்த்தபடி உட்கார்ந்து படிக்க அருமையான இடம், குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் குரலை உயர்த்திப் பேசவும் சிரிக்கவும் எங்களுக்கு வீவக அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளம்தான் வசதிப்பட்டது. ஒரு கல்மேசை, பற்றாக்குறைக்கு மடக்கு நாற்காலிகள், பக்கத்துக் கோப்பிக்கடையிலிருந்து தே தாரிக். லிஃப்டுக்குக் காத்திருப்பவர்கள் ஒரு காதை எங்கள் பக்கம் கொடுத்துவிட்டுப் போவார்கள்.

அண்ணனின் கைவேலையைச் சொல்ல வேண்டும். இரவல் புத்தகத்தின் பக்கத்தில் பேனாவையும் பென்சிலையும் அண்டவிட மாட்டார். கிழித்த நாள்காட்டித் தாளை விரல் அகலத்துக்கு நறுக்கிச் சட்டைப் பையில் வைத்திருப்பார். ஒரு புத்தகத்துக்கு மூன்று சீட்டு. ஒன்று, வாசித்துக் காட்டப்போகும் இடத்தில். இன்னொன்று, அது எடுபடாமல் போனால் மாற்றாக வைத்திருக்கும் இடத்தில். மூன்றாவது, தான் படித்து நிற்கும் இடத்தில். பேச்சு சூடு பிடித்து யாராவது மூன்றாவது சீட்டைத் தாண்டிப் போய் முடிவைச் சொல்ல வாயெடுத்தால், உள்ளங்கையைப் புத்தகத்தின் மேல் வைத்துவிடுவார். அவ்வளவுதான். சொல்ல வந்தவர் நிறுத்திக்கொள்வார்.

புதுப் புத்தகத்தை அவர் ஒரே மூச்சில் நடுவில் விரிக்க மாட்டார். முதுகை மேசையில் நிறுத்தி, முன்னட்டையைச் சாய்த்து, பின்னட்டையைச் சாய்த்து, முன்னால் சில தாள், பின்னால் சில தாள் என்று மாற்றி மாற்றி நீவிக்கொண்டே நடுவுக்கு வருவார். இப்போது வருகிற தமிழ்ப் புத்தகங்களில் பலவும் தையல் இல்லாமல் பசையில் ஒட்டி நிற்பவை. அவசரப்பட்டு மடக்கினால் முதுகு விட்டுவிடும், அப்புறம் தாள் தாளாகக் கையில் வரும். பத்துப் பேர் கை மாறப்போகிற புத்தகம் என்றால் இந்த நீவலைத் தவிர்க்க முடியாது. வட்டத்துக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் முதலில் கற்றுக்கொடுப்பதும் இதைத்தான்.

அடுத்தது, வாசிக்கிற இடத்தைத் தேர்ந்தெடுப்பது. அரைப் பக்கம் போதும், மிஞ்சினால் ஒரு பக்கம். நாவலின் முதல் பக்கத்தைப் பெரும்பாலும் விட்டுவிடலாம். ஊர் வர்ணனையும் வேண்டாம், கண்ணால் படிக்கும்போது இனிப்பது காதுக்கு நீண்டுவிடும். இரண்டு பேர் பேசிக்கொள்கிற இடம், அல்லது யாராவது கையால் ஏதாவது செய்கிற இடம் நல்லது. இரண்டு பெயருக்கு மேல் வந்தால் கேட்பவர்கள் உறவுமுறையைக் கணக்குப் போட ஆரம்பித்துவிடுவார்கள். வீட்டில் வாய்விட்டு ஒரு முறையாவது படித்துப் பாருங்கள். எங்கே மூச்சு முட்டுகிறது என்று அப்போதுதான் தெரியும். கி.ரா.வின் கரிசல் பேச்சை எடுத்தால் நடிக்கப் போகாதீர்கள். எழுதியிருக்கிறபடி நிதானமாகப் படித்தால் அந்த மண்வாசனை தானாக வரும். நாம் இழுத்து இழுத்துப் பேசினால் சினிமா கிராமத்தான் ஆகிவிடும்.

கு. அழகிரிசாமியின் 'அன்பளிப்பு' கதையை ஒரு தங்கச்சி கொண்டுவந்திருந்தார். மருத்துவமனையில் தாதி, இரவு வேலை முடித்து நேராக வந்தவர். கதை மனதை உலுக்கிவிட்டது போல. விடுமுறை நாளில் தூங்குகிறவரைப் பிள்ளைகள் வந்து எழுப்புவதில் தொடங்கி, கடைசி வரிவரை மூச்சு விடாமல் சொல்லிவிட்டார். கண்ணும் கலங்கிவிட்டது. நாங்கள் "அடடா" என்றோம், வேறென்ன சொல்ல? அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அதே புத்தகத்தை வாங்கி, பிள்ளைகள் அலமாரியைக் குடைந்து புத்தகத்துக்காக அடித்துக்கொள்கிற இடத்தைப் படித்தார். பரிசாக வந்த டைரி யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்று தெரிகிற இடத்துக்குச் சற்று முன்னால் நிறுத்திவிட்டார். முடிவு தெரிந்திருந்தும் எங்களுக்கு அந்தப் பிள்ளைகளில் ஒருவனான சாரங்கன் என்ன செய்வான் என்று இருந்தது. புத்தகத்தை மூடி, அதுவரை வாய் திறக்காமல் இருந்த ஒருவர் கையில் கொடுத்தார்.

இதைக் கவனியுங்கள். "எனக்கு, எனக்கு" என்று கேட்பவர் எப்படியும் படித்துவிடுவார், அவரைப் பற்றிக் கவலை இல்லை. பேசாமல் இருப்பவர் கையில் புத்தகத்தை வைத்தால்தான் வட்டம் பெரிதாகும்.

இந்தக் கூடிப் படித்தல் நமக்குப் புதிதில்லை. திருநெல்வேலி வட்டத்தொட்டியில் டி.கே.சி. ஒரு கம்பன் பாட்டைத் திரும்பத் திரும்பச் சொல்லி நண்பர்களைச் சுவைக்க வைத்தார். அழகிரிசாமியே 1950-களில் கோலாலம்பூரில் தமிழ் நேசனில் இருந்தபோது மலாயாவின் இளம் எழுத்தாளர்களைக் கூட்டி வைத்துப் பேசியவர்தான். இங்கே நா. கோவிந்தசாமி 1977-ல் இலக்கியக் களம் அமைத்து மாதாமாதம் சிறுகதைகளை அலச வைத்தார். அவர்கள் செய்தது எழுத்தாளர்களை உருவாக்கிய வேலை. கீழ்த்தளத்தில் உட்கார்ந்து நாங்கள் செய்வது, ஒரு புத்தகத்தை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிவிடுவது.

கை மாற்றுவதிலும் நெளிவு சுளிவு உண்டு. நூலக இரவல் 21 நாள். ஒரு முறை நீட்டிக்கலாம், வேறு யாரும் முன்பதிவு செய்யாமல் இருந்தால். பல தமிழ்ப் புத்தகங்களுக்குக் கைக்கெட்டுகிற பிரதி ஒன்றோ இரண்டோதான். அதனால் கொடுப்பவரும் வாங்குபவரும் சேர்ந்தே நூலகத்துக்குப் போய், ஒருவர் திருப்பிக் கொடுத்த கையோடு மற்றவர் தன் அட்டையில் எடுத்துக்கொள்ள வேண்டும். "என் அட்டையிலேயே இருக்கட்டும், படிச்சிட்டுக் குடுங்க" என்கிற தாராளம் வேண்டாம். தவணை தாண்டினால் நட்பில் விரிசல். கண் மங்கியவர்களுக்கு வேறு வழி இருக்கிறது. தமிழ் மின்மரபுடைமைத் திட்டத்தில் சிங்கப்பூர்த் தமிழ் இலக்கியத்தின் 50 ஆண்டுப் படைப்புகளை மின்வடிவாக்கி 2015-ல் தேசிய நூலக வாரியத்தின் இணையத்தளத்தில் ஏற்றினார்கள். தட்டையான கைக்கணினியில் திறந்து எழுத்தை வேண்டிய அளவு பெரிதாக்கிக்கொள்ளலாம். சீட்டு வைக்க முடியாது என்பது மட்டும்தான் அண்ணனுக்கு வருத்தம்.

2022-ல் படம் வந்தபோது பெரும்பாலோர் கையில் 'பொன்னியின் செல்வன்'. ஐந்து பாகம், ஆளுக்கு ஒரு பாகத்தில் நின்றார்கள். நந்தினி யார் மகள் என்று தெரிந்தவர்களும் தெரியாதவர்களும் ஒரே மேசையில். அன்றைக்கு எங்கள் விதி பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. கடைசியில் எல்லாரும் பூங்குழலி படகு வலிக்கிற இடங்களை மட்டும் பேசுவது என்று தீர்மானித்துத் தப்பித்தோம்.

எனக்குப் பிடித்த நாள் ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' வாசித்த நாள். மெடானில் கடையில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பி, மதுரையில் தினத்தந்தியில் இருந்தவர் சிங்காரம். நாவல் 1972-ல் வந்தது, பல ஆண்டு கழித்துத்தான் அதன் அருமை தெரிந்தது. தொங்கான் என்கிற சரக்குப் படகு புயலில் மாட்டுகிற பகுதியிலிருந்து ஒரு பக்கம் போல வாசித்தோம். எங்கள் வட்டத்தில் ஒரு பெரியவர் உண்டு. புத்தகமே கொண்டுவர மாட்டார், தேத்தண்ணிக்கும் பேச்சுக்கும் வருகிறவர். சிங்கப்பூர் ஆற்றில் சரக்குத் தொங்கானில் வேலை செய்தவர். 1983-ல் ஆற்றைச் சுத்தம் செய்யப் படகுகளையெல்லாம் பாசிர் பாஞ்சாங்குக்கு மாற்றியபோது அவரும் சேர்ந்து போனாராம். வாசித்து முடித்ததும் அவர், "சரக்கு என்னா போட்டிருந்தாங்க?" என்றார். வாசித்தவருக்குத் தெரியவில்லை. "மூட்டை நனைஞ்சா கனம் ஏறும் தம்பி. எந்தப் பக்கம் அடுக்கியிருக்கான்னு பார்க்கணும். சும்மா அலை அலைன்னா எப்படி?" வாசித்தவர் பக்கங்களை முன்னும் பின்னும் புரட்ட, பெரியவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தானும் எட்டிப் பார்த்தார். அப்படியே புத்தகத்தை வாங்கித் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். மெதுவாகத்தான் படித்தார். தவணையை நீட்டித்தும் போதாமல், திருப்பிக் கொடுத்து இன்னொருவர் அட்டையில் எடுத்துக் கொடுத்தோம். சிங்காரத்தோடு அவருக்குச் சில இடங்களில் ஒத்துப்போகவில்லை. அதையெல்லாம் விலாவாரியாகச் சொன்னார்.

கேள்வி கேட்பதிலும் ஒரு பழக்கம் வேண்டும். வாசித்தவுடன் "எப்படி இருந்திச்சு?" என்று கேட்காதீர்கள். "நல்லா இருக்கு" என்ற பதில்தான் வரும், அதோடு பேச்சு படுத்துவிடும். கொஞ்சம் பொறுங்கள். யாரும் பேசாத அந்த இடைவெளி புதிதாக நடத்துபவருக்குச் சங்கடமாக இருக்கும், ஏதாவது சொல்லி நிரப்பத் தோன்றும். தேத்தண்ணியைக் குடியுங்கள். பெரியவர் கேட்ட மாதிரி ஒரு கேள்வி தானாக எழும்பி வரும். விருது, விற்பனை, எழுத்தாளர் யாருக்கு வேண்டியவர் என்கிற வம்புகளைக் கோப்பிக்கடைக்கு ஒதுக்கிவிடுங்கள். அங்கே அதற்கு நேரம் இருக்கிறது.

இப்போது மேசையில் இருப்பவை: தாதித் தங்கச்சி 'மோக முள்'ளில் இருக்கிறார், பாபு மேல் அவருக்கு ஒரே கோபம். கப்பல் பட்டறையில் வேலை செய்கிற ஒரு தம்பி மா. இளங்கண்ணனின் 'வைகறைப் பூக்க'ளைத் தொடங்கியிருக்கிறார். ஜப்பானியர் காலத்துச் சிங்கப்பூர் அவருக்குப் புதிது, நாங்கள் தெருப்பெயர் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். நான் மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயி'லில் பாதி வந்திருக்கிறேன். தோட்டங்களிலிருந்து தமிழர்களை அள்ளிக்கொண்டு போய், சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் தண்டவாளம் போட வைத்த கதை. மூன்றாவது சீட்டு மட்டும் வைத்திருக்கிறேன். முதல் சீட்டை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. எங்களில் ஒருவரின் தாத்தா அந்த ரயிலுக்குப் போய்த் திரும்பாதவர். எந்தப் பக்கத்தை வாசிக்கலாம், இல்லை வாசிக்கவே வேண்டாமா என்று அவரிடம் கேட்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கூடுவதற்கு முன்னால் போன் போட்டுவிடுகிறேன்.