கரண்ட் போனால் கணக்கு டேலி ஆகுமா?

பி.காம் மூன்றாம் வருடம் படிக்கிறவளுக்கு ஹார்ட் டிஸ்க்கைப் பற்றி எழுத என்ன தகுதி இருக்கிறது என்று கேட்பீர்கள். ஒரு தகுதியும் இல்லைதான். ஆனால் காலேஜ் சேர்ந்த நாளிலிருந்து சாயங்காலங்களில் மாமாவின் ஆபீஸில் கணக்கு எழுதுகிறேன். அங்கே மூலையில் ஒரு சர்வர் இருக்கிறது. யாரும் அதைச் சீந்துவதில்லை என்பதால் கடைசியில் அது என் தலையில் விழுந்தது. விழுந்த பிறகுதான் ஒரு விஷயம் புரிந்தது. ப்ளஸ் ஒன்னில் நாம் படித்த கணக்குப் பதிவியலும் இந்த டிஸ்க் சமாச்சாரமும் ஒன்றுவிட்ட அண்ணன் தம்பிகள்! அதைத்தான் இந்தப் பதிவில் சொல்லப் போகிறேன். கம்ப்யூட்டர் தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். தெரியாதவர்கள் பயப்படாமல் வாருங்கள்.

மாமாவின் ஆபீஸ் ஈரோட்டில். மஞ்சள் மண்டி, ஜவுளிக்கடை, மளிகை, பவர்லூம் என்று நாற்பது சொச்சம் பேரின் கணக்கு அங்கே இருக்கிறது. எல்லாம் டேலியில். மாதா மாதம் 11ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1, 20ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-3பி போட வேண்டும். 3பி தாமதமானால் ஒரு நாளைக்கு 50 ரூபாய் கட்டணம், கட்ட வேண்டிய வரிக்கு வருடத்துக்கு 18 சதவீதம் வட்டி. ஆகவே எங்கள் ஆபீஸில் ராகுகாலம், எமகண்டத்தை விட 20ஆம் தேதிக்குத்தான் எல்லோரும் பயப்படுவார்கள்.

அந்த சர்வரில் லினக்ஸ். ஆளுக்கு 4 டெராபைட் கொண்ட மூன்று டிஸ்க்குகள், ரெய்டு 5 முறையில் சேர்த்துக் கட்டப்பட்டவை. ரெய்டு என்பது புதிய சங்கதி இல்லை. 1988-ல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் என்ற மூவர் ஒரு கட்டுரை எழுதினார்கள். விலை அதிகமான ஒரு பெரிய டிஸ்க்குக்குப் பதிலாக மலிவான பல சின்ன டிஸ்க்குகளைச் சேர்த்துக் கட்டினால் என்ன, அதில் ஒன்று செத்தாலும் மற்றவை தாங்கிக்கொள்ளும்படி செய்தால் என்ன என்பதுதான் அதன் சாரம். இதைத் தனி கார்டு எதுவும் இல்லாமல் ஆபரேட்டிங் சிஸ்டமே செய்தால் அது சாஃப்ட்வேர் ரெய்டு. லினக்ஸில் அதை நிர்வகிக்கும் கருவியின் பெயர் எம்டிஅட்ம். எழுதியவர் நீல் பிரவுன். ஓசியில் கிடைக்கிறது, நன்றாகவே உழைக்கிறது.

எங்கள் ஊர்ப் பக்கம் இதற்கு ஒரே ஒரு எதிரி, கரண்ட். 2012-ல் பாதி நாள் கரண்ட் இல்லாமல் கிடந்ததை இன்றைக்கும் வீட்டில் கதையாகச் சொல்வார்கள். இப்போது அவ்வளவு மோசமில்லை. மாதாந்திரப் பராமரிப்பு என்று பேப்பரில் முன்கூட்டியே போட்டுவிட்டு நிறுத்துவதால் தொந்தரவு இல்லை. ஆடிக் காற்றுக்குச் சொல்லாமல் கொள்ளாமல் போவதுதான் பிரச்னை.

2023 ஜூலை 18 அப்படித்தான் போனது. 3பிக்கு இரண்டு நாள் பாக்கி. யுபிஎஸ் பேட்டரி எப்போதோ செத்திருந்தது. இன்வெர்ட்டர் இருந்ததே என்பீர்கள். கரண்ட் போய் இன்வெர்ட்டர் எடுப்பதற்குள் ஒரு கண் சிமிட்டும் நேரம் இருக்கிறது. ஃபேனுக்கும் ட்யூப்லைட்டுக்கும் அது பெரிதில்லை. சர்வருக்கு அது மரணம். திரும்பப் போட்டால் திரை பாதியிலேயே நின்றுவிட்டது. மூன்று டிஸ்க்குகளில் ஒன்று மாதக்கணக்கில் செத்துக் கிடந்திருக்கிறது, யாருக்கும் தெரியாது. மீதி இரண்டில் எழுத்து பாதியில் நின்றிருக்கிறது, அதனால் ஆரம்பிக்க மாட்டேன் என்றது லினக்ஸ். போனில் பிடித்த சர்வீஸ்காரர், "ஃபோர்ஸ் பண்ணுங்க, வந்துடும்" என்றார். வந்துவிட்டது. எல்லோரும் டீ குடித்தோம்.

மறுநாள் காலையில் ஒரு மளிகைக்கடையின் கணக்கு மட்டும் திறக்கவில்லை. விசித்திரம் என்னவென்றால், அந்தக் கணக்கைப் பத்து நாளாக யாரும் தொடவே இல்லை. ஜூன் கடைசியில் பென் டிரைவில் எடுத்த ஒரு காப்பி கிடைத்தது. அதற்குப் பிறகான பில்களை அக்காவும் நானும் இரண்டு ராத்திரி உட்கார்ந்து அடித்தோம். அந்தக் கடைக்காரர் நேரில் வந்து கேட்ட கேள்வி இதுதான்: "ஏனுங்க, எங்க கணக்கை யாருமே தொடலைன்னு சொல்றீங்க. அப்புறம் எப்புடிங்க அது கெட்டுச்சு?"

மாமாவிடம் பதில் இல்லை. என்னிடமும் இல்லை. தேடித் தேடிப் படித்தது இதற்காகத்தான்.

ரெய்டு 5 எப்படி வேலை செய்கிறது என்று சின்னக் கணக்காகப் பார்ப்போம். முதல் டிஸ்க்கில் 7 இருக்கிறது. இரண்டாவதில் 5. மூன்றாவதில் இரண்டின் கூட்டல் 12. (உண்மையில் அது கூட்டல் இல்லை, எக்ஸ்ஆர் என்ற பைனரி வித்தை. புரிவதற்குக் கூட்டல் போதும்.) இந்த 12-க்குப் பெயர் பாரிட்டி. இரண்டாவது டிஸ்க் செத்தால் கவலை இல்லை, 12-ல் 7 போக 5 என்று கண்டுபிடித்துவிடலாம்.

இப்போது முதல் டிஸ்க்கில் உள்ள 7-ஐ 9 ஆக மாற்றுகிறோம். பாரிட்டியும் 14 ஆக வேண்டும். இரண்டும் வெவ்வேறு டிஸ்க்குகள். ஒன்று எழுதி முடித்து மற்றது எழுதுவதற்குள் கரண்ட் போகிறது. முதல் டிஸ்க்கில் 9, பாரிட்டியில் பழைய 12. அந்த நேரம் பார்த்து இரண்டாவது டிஸ்க் இல்லை என்றால்? 12-ல் 9 போக 3. இருந்தது 5, வருவது 3! யாரும் தொடாத எண் கெட்டுப்போகிறது. இதற்கு ரைட் ஹோல் என்று பெயர், எழுத்தில் விழுந்த ஓட்டை. எங்களுக்கு நடந்தது இதுதான் என்று கோர்ட்டில் நிரூபிக்க முடியாது. ஆனால் தொடாத கணக்கு கெட்டதற்கு இதைவிடப் பொருத்தமான காரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

மூன்று டிஸ்க்குகளும் உயிரோடு இருந்தால் இவ்வளவு ஆபத்து இல்லை. மெஷின் எழுந்ததும் லினக்ஸ் பாரிட்டி முழுவதையும் திரும்பப் போட்டுவிடும். இதற்கு ரீசிங்க் என்று பெயர். ஆனால் 4 டெராபைட் டிஸ்க்கை நொடிக்கு 150 மெகாபைட் வேகத்தில் படித்தால் ஏழரை மணி நேரம் ஆகும். (ஏழரை என்றாலே நமக்கு ஆகாது!) அதற்குள் ஒரு டிஸ்க் போனாலோ பழைய கதைதான்.

காமர்ஸ் மாணவர்களுக்கு இந்த இடத்தில் ஒரு பழைய நண்பர் ஞாபகம் வர வேண்டும். இருப்பாய்வு! பற்றும் வரவும் சமமாக இல்லை என்றால் எங்கோ பிழை என்று இருப்பாய்வு சொல்லும். எந்தக் கணக்கில் பிழை என்று சொல்லாது. பாரிட்டியும் அப்படித்தான். ஒத்துப்போகவில்லை என்று தெரியும், தப்பு எந்த டிஸ்க்கில் என்று தெரியாது. எம்டிஅட்மிடம் சரி செய்யச் சொன்னால் டேட்டா சரியாகத்தான் இருக்கும் என்று நம்பி பாரிட்டியை மாற்றி எழுதிவிடும். இருப்பாய்வு டேலி ஆக வேண்டும் என்பதற்காக ஒரு பக்கத்துத் தொகையைத் திருத்தி எழுதும் கிளார்க் மாதிரி. டேலி ஆகிவிடும். உண்மையா என்பது வேறு விஷயம்.

அப்படியானால் வழி என்ன? அதுவும் நம் பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. 1494-ல் வெனிஸில் லூக்கா பசியோலி எழுதிய புத்தகத்தில் வியாபாரிகள் மூன்று நோட்டு வைக்க வேண்டும் என்கிறார். முதலில் தோராயக் குறிப்பு, பிறகு குறிப்பேடு, பிறகு பேரேடு. நம் ஊர் மண்டிகளிலும் முதலில் சிட்டை, அப்புறம்தான் பேரேடு. ஏன் நேராகப் பேரேட்டில் எழுதுவதில்லை? பேரேட்டில் ஒரு நடவடிக்கையை இரண்டு பக்கங்களில் எழுத வேண்டும். பற்று எழுதிவிட்டு வரவு எழுதுமுன் யாராவது கூப்பிட்டால் போச்சு. குறிப்பேட்டில் முழுப் பதிவும் ஒரே இடத்தில் இருந்தால், எங்கே விட்டோம் என்று பார்த்து மீதியை எழுதிவிடலாம்.

லினக்ஸ்காரர்கள் செய்ததும் அச்சு அசலாக இதுதான். பெயரைக்கூட மாற்றவில்லை, ஜர்னல் என்றே வைத்திருக்கிறார்கள்! 2016 ஜனவரியில் வந்த லினக்ஸ் 4.4-ல் ரெய்டு 5-க்கு ஜர்னல் வசதி சேர்ந்தது. டேட்டா, பாரிட்டி இரண்டையும் முதலில் ஒரு எஸ்எஸ்டியில் எழுதிவிட்டு, பிறகு டிஸ்க்குகளில் எடுத்தெழுதும். 2017-ல் வந்த 4.12-ல் பிபிஎல் என்று இன்னொன்று. இதற்குத் தனி டிஸ்க் வேண்டாம், இருக்கும் டிஸ்க்குகளிலேயே ஓர் ஓரத்தில் குறிப்பு எழுதிக்கொள்ளும். எழுதிக்கொண்டிருந்ததைக் காப்பாற்றாது, ஆனால் தொடாத மளிகைக்கடைக் கணக்கைக் காப்பாற்றும். விலையாக எழுதும் வேகம் 30-40 சதவீதம் வரை குறையலாம்.

இவை தவிர பிட்மேப் என்று ஒன்று உண்டு. எந்தப் பகுதியில் எழுதப் போகிறோம் என்று முதலிலேயே ஒரு டிக் போட்டு வைப்பது. கரண்ட் போய் வந்தால் டிக் போட்ட இடங்களை மட்டும் சரிபார்த்தால் போதும். ஏழரை மணி நேரம் சில நிமிஷங்களாகிவிடும். ஆனால் இது நேரத்தை மிச்சப்படுத்துமே தவிர, டிஸ்க் செத்த நிலையில் ஓட்டையை அடைக்காது. பலர் இதை அது என்று நினைத்து ஏமாறுகிறார்கள்.

இந்த இரண்டரை வருடத்தில் நாங்கள் செய்து வைத்திருப்பவை, உங்களுக்கும் உதவலாம்:

1. மூன்று டிஸ்க் ரெய்டு 5-ஐக் கலைத்துவிட்டு இரண்டு டிஸ்க் ரெய்டு 1. ஒன்று மற்றதன் நகல். இதில் பாரிட்டி கிடையாது. ஆகவே தொடாத இடம் கெட வழியில்லை. எங்கள் நாற்பது கணக்குக்கு 4 டெராபைட்டே கடல். ரெய்டு 5 கட்டாயம் வேண்டும் என்பவர்கள் ஜர்னலோ பிபிஎல்லோ போடாமல் இருக்காதீர்கள்.

2. டிஸ்க் செத்தால் உடனே மெயில். எம்டிஅட்மிலேயே இந்த வசதி இருக்கிறது, ஒரு வரி எழுதினால் போதும். ஒரு டிஸ்க் செத்ததை அறியாமல் ஓட்டுவதுதான் பெரிய ஆபத்து, கரண்ட் அதற்குப் பிறகுதான்.

3. மாதம் ஒரு முறை முழுச் சரிபார்ப்பு. டெபியன் வகை லினக்ஸில் மாதத்தின் முதல் ஞாயிறு தானாக ஓடும்படி வைத்திருக்கிறார்கள். நமக்கு மாதாந்திர வங்கிச் சரிக்கட்டும் பட்டியல் மாதிரி.

4. சர்வருக்குத் தனி யுபிஎஸ், அதிலிருந்து சர்வருக்கு ஒரு யுஎஸ்பி கேபிள். பேட்டரி இறங்கும்போது சர்வர் தானாக ஒழுங்காக அணைய வேண்டும். கேபிள் இல்லாத யுபிஎஸ் மரணத்தைப் பத்து நிமிஷம் தள்ளிப் போடும், அவ்வளவுதான். பேட்டரியை இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு முறை மாற்றிவிடுங்கள்.

5. டிஸ்க்குகளும் கொஞ்சம் பொய் சொல்லும். உள்ளே இருக்கும் சின்ன மெமரியில் வாங்கி வைத்துக்கொண்டு "எழுதிவிட்டேன்" என்றுவிடும். இந்த மெமரியை நிறுத்தி வைக்கலாம், வேகம் குறையும். எஸ்எஸ்டி வாங்கினால் கரண்ட் போனதும் மிச்சத்தை எழுதி முடிக்கக் கெபாசிட்டர் வைத்ததாக வாங்கலாம், விலை கூடும்.

6. பேக்கப். ரெய்டு எவ்வளவு நல்லதானாலும் பேக்கப் ஆகாது. தவறுதலாக அழித்தால் இரண்டு டிஸ்க்கிலும் ஒரே நேரத்தில் சுத்தமாக அழியும்! தினமும் ராத்திரி ஒரு காப்பி வெளி டிஸ்க்குக்கு, வாரம் ஒன்று மாமா வீட்டு பீரோவுக்கு.

இந்தச் செலவெல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டபோது மாமா முகம் சுளித்தார். "கண்ணு, இத்தனை டிஸ்க்கு இருக்கும்போது இன்னும் எதுக்கு?" என்றார். நான் காமர்ஸ் பாஷையிலேயே சொன்னேன். "மாமா, பேரேட்டை இரண்டு நோட்டில் எழுதி வைத்தால் மட்டும் பத்தாதுங்க. பாதியில் எழுந்து போனால் எங்கே விட்டோம்னு தெரியணும். அதுக்குத்தான் இந்தச் செலவு." ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு செக் புத்தகத்தை எடுத்தார்.

இரண்டு நோட்டு இருக்கிறது என்ற தைரியத்தில்தான் நாம் ஏமாறுகிறோம் என்று தோன்றுகிறது. டிஸ்க் சாவதை ரெய்டு பார்த்துக்கொள்ளும். பாதி எழுதிய வரியைப் பார்த்துக்கொள்ள அதற்கு யாரும் சொல்லாவிட்டால் தெரியாது. அந்தப் பாதி வரிக்கு ஐநூறு வருடத்துக்கு முன்பே மருந்து கண்டுபிடித்தவர்கள் கணக்குப்பிள்ளைகள்தான் என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம், அவ்வளவே. உங்கள் ஆபீஸில் மூலையில் ஒரு சர்வர் இருந்தால், அதில் எத்தனை டிஸ்க் இன்று உயிரோடு இருக்கிறது என்று நாளைக்குக் காலையில் போய்ப் பாருங்கள். 20ஆம் தேதி வரை காத்திருக்க வேண்டாம் :-)