இருபது மில்லிமீட்டர்

கண்ணாடி வைத்த தொலைநோக்கியில் கண்ணால் பார்த்தால் நிலா பளிச்சென்று தெரியும். அதிலேயே கேமராவை மாட்டினால் மங்கலான வெள்ளை வட்டம்தான். ஃபோகஸர் குமிழை உள்பக்கமாகத் திருகத் திருகப் படம் தெளிந்துகொண்டே வரும். முழுக்கத் தெளிவதற்குள் குழாய் முட்டி நின்றுவிடும். இரண்டிலும் கோளாறு கிடையாது. உள்ளே போக இடம் போதவில்லை, அவ்வளவுதான்.

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். ஒளி கூடும் குவியத்துக்கு பிரெஞ்சில் 'ஃபுவாயே' என்று பெயர். அடுப்புக்கும் அதே சொல், குடும்பத்துக்கும் அதே சொல். அடுப்பு எரியும் இடத்துக்குத்தானே பாத்திரம் போக வேண்டும்? கேமராவில் படம் விழும் சென்சார் வாயிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. கேனான் எஸ்.எல்.ஆர். என்றால் 44 மி.மீ.; மாட்டும் வளையத்தையும் சேர்த்தால் 55.

இதில் நான் மெனக்கெட்டதற்குக் காரணம் உண்டு. மனைவிக்கு முழங்கால் வலி, மொட்டை மாடிக்கு ஏற முடியாது. நான் மட்டும் பார்த்துவிட்டு வந்து கதை சொல்வேன். "நீங்க சொல்ற பள்ளமெல்லாம் நான் எப்பங்க பாக்கறது?" என்று ஒரு நாள் கேட்டுவிட்டாள்.

முதலில் அளவு எடுத்தேன். ஃபோகஸரை முழுக்க உள்ளே தள்ளி, கண்லென்ஸைக் கழற்றிவிட்டு, நிலாவை நோக்கித் திருப்பி, குழாய் வாய்க்கு மேலே டிரேசிங் பேப்பரைப் பிடித்தேன். விளிம்பிலிருந்து 35 மி.மீ. உயரத்தில் நிலா கூர்மையாக விழுந்தது, 7 மி.மீ. அகலத்தில். வேண்டியது 55. ஆகக் குறை 20.

பார்லோ லென்ஸ் போட்டால் குவியம் வெளியே தள்ளிப்போகும்தான். ஆனால் படம் இரண்டு மடங்காகும், 15 மி.மீ. உயரமுள்ள சென்சாரில் நிலா விளிம்பை இடிக்கும். மோட்டார் இல்லாத தொலைநோக்கியில் அதை நடுவில் நிறுத்துவது பெரும்பாடு. உயரம் குறைந்த ஃபோகஸர் வாங்கலாம், விலைதான் பென்ஷன்காரனுக்கு ஒத்துவராது.

மிச்சம் இருந்த வழி, அடியில் இருக்கும் பெரிய கண்ணாடியையே 25 மி.மீ. மேலே தள்ளுவது. கண்ணாடி எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவு குவியமும் வெளியே வரும். ஒரு கணக்கு மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். என்னுடையது 150 மி.மீ. கண்ணாடி, குவியத் தூரம் 750. ஒளிக்கற்றை ஐந்துக்கு ஒன்று என்ற விகிதத்தில் குறுகி வருகிறது. குறுக்கே சாய்ந்திருக்கும் சின்னக் கண்ணாடியில் முன்பு 36 மி.மீ. அகலத்துக்கு விழுந்த ஒளி இனி 41 மி.மீ. அகலத்துக்கு விழும். அதன் அகலம் 47, தாங்கும். சின்னக் கண்ணாடி இதைவிடச் சிறிதாக இருந்தால் ஓரத்து ஒளி வீணாகும்.

கண்ணாடியைத் தாங்கியோடு கழற்றித் துணி சுற்றிப் பீரோவில் பத்திரப்படுத்திய பிறகே குழாயில் துளை போட்டேன். இரும்புத்தூள் ஒன்று பட்டாலும் பூச்சு போய்விடும். பழைய நிலை தெரிய முன்கூட்டியே பென்சில் குறி. திரும்ப மாட்டியபின் கண்ணாடிகளை நேர்படுத்த ஒரு மாலை முழுக்கப் போயிற்று.

படத்தை டி.வி.யில் போட்டுக் காட்டினேன். கொப்பர்நிக்கஸ் பள்ளம் 93 கி.மீ. அகலம் என்றேன். "இங்கேருந்து திண்டிவனம் போயிட்டு வர்ற தூரத்தைவிடக் கொஞ்சம் ஜாஸ்திதான்" என்று எனக்கே பாடம் சொல்லிவிட்டு, பக்கத்து வீட்டு அம்மாவையும் கூப்பிட்டாள்.

இப்போது கண்ணால் பார்க்கத்தான் குழாய் எட்டவில்லை. 35 மி.மீ. நீட்டிப்புக் குழாய் ஒன்றை மாட்டிக்கொள்கிறேன்.