நன்மையானதற்கும் ஓர் அளவு உண்டு



வனாந்தரத்தில் இஸ்ரவேலர் மன்னாவைச் சேர்த்தபோது, ஆளுக்கு ஒரு ஓமர் என்று தேவன் அளவு குறித்தார். மறுநாளுக்கென்று சிலர் மீதம் வைத்தார்கள். அதில் பூச்சி பிடித்து நாற்றமெடுத்தது. வானத்திலிருந்து வந்த அப்பமே ஆயினும், கொடுத்தவர் குறித்த ஒழுங்கைவிட்டு விலகியபோது அது கெட்டுப்போயிற்று.

இந்த வாரம் உங்கள் வீட்டு மருந்துப்பெட்டியைத் திறந்து பாருங்கள். வைட்டமின் டி குறைவுக்காக மருத்துவர் எழுதித்தரும் மாத்திரை பெரும்பாலும் 60,000 யூனிட் கொண்டது. அது வாரத்துக்கு ஒன்று; அதுவும் சில வாரங்களுக்கு மட்டுமே. 'சத்து மாத்திரைதானே' என்று தினமும் விழுங்கினால், ஏழே நாளில் 4,20,000 யூனிட் உடலில் சேரும். மருத்துவரின் கண்காணிப்பின்றி, பெரியவர்கள் நாளொன்றுக்கு 4,000 யூனிட்டைத் தாண்டலாகாது என்பது பொதுவான வரம்பு. இது கொழுப்பில் கரையும் சத்து. மிஞ்சியது சிறுநீரோடு எளிதில் வெளியேறாமல் உடலிலேயே தங்கும். அதனால் இரத்தத்தில் கால்சியம் உயரும், பசியின்மை, வாந்தி, அடங்காத தாகம் தோன்றும், சிறுநீரகமும் பழுதடையலாம்.

பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,000-க்கும் மேற்பட்டோரிடம் ஓர் ஆய்வு நடந்தது. கேரட்டில் உள்ள பீட்டா கரோட்டின் சத்தை, நாளுக்கு 20 மில்லிகிராம் மாத்திரையாகச் சிலருக்குக் கொடுத்தார்கள். நுரையீரல் புற்றுநோய் குறையும் என்று எதிர்பார்த்தார்கள். 1994-இல் வெளியான முடிவோ வேறாயிருந்தது: அம்மாத்திரையை உட்கொண்டவர்களிடையே அந்நோய் ஏறத்தாழ 18 சதவீதம் அதிகமாகக் காணப்பட்டது.

ஆராதனை முடிந்து வெளியே நிற்கையில், "எனக்கு நன்றாகக் கேட்டது, நீங்களும் சாப்பிட்டுப் பாருங்கள்" என்று மாத்திரையின் பெயரைச் சொல்லிக்கொள்கிறோம். அது அன்பினால் வரும் சொல்தான். ஆனால் உங்கள் சகோதரியின் சிறுநீரகத்தின் நிலையை நீங்கள் அறியீர்கள். அவள் வயிற்றில் சிசு இருப்பதும் உங்களுக்குத் தெரியாதிருக்கலாம். வைட்டமின் ஏ மிகுந்தால் கருவிலுள்ள குழந்தைக்கே கேடு உண்டாகும். ஆகவே மாத்திரையைப் பகிராமல், மருத்துவரிடம் அவளோடு துணைக்குச் செல்லுங்கள். உட்கொள்ளும் எல்லாவற்றையும் எழுதிக் கொண்டுபோய்க் காட்டுங்கள். மருத்துவர் கொடுத்ததைத் தானாக நிறுத்தவும் வேண்டாம், தானாகக் கூட்டவும் வேண்டாம்.

நம்முடைய சரீரம் நமக்குச் சொந்தமானதல்ல. காக்கும்படி நம்மிடம் ஒப்புவிக்கப்பட்டது. போதும் என்று சொல்லத் தெரிவதும் விசுவாசமே. அந்த ஞானத்தைக் கர்த்தர் உங்களுக்கும் உங்கள் வீட்டாருக்கும் தந்தருள்வாராக. ஆமென்.