தண்ணீர் மட்டும் விட்ட குழாய்

ஆராய்ச்சிக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே சீனியர் யாராவது உனக்குப் புரத அளவு பார்க்கக் கற்றுக்கொடுப்பார்கள். மேரியன் பிராட்ஃபோர்டு 1976இல் எழுதிய முறை அது. இன்றும் பயோகெமிஸ்ட்ரி லேப்களில் தினமும் ஓடிக்கொண்டிருக்கிறது. பழுப்பு நிறச் சாயக் கரைசலில் உன் சாம்பிளைக் கொஞ்சம் விடுவாய். புரதம் இருந்தால் நீலமாகும். எவ்வளவு நீலம் என்பதை ஸ்பெக்ட்ரோ 595 நானோமீட்டரில் ஓர் எண்ணாகக் காட்டும். ஆனால் அதற்கு முன்னால், சாம்பிள் இல்லாமல் பஃபரும் சாயமும் மட்டும் விட்ட ஒரு குழாயை வைத்து மெஷினைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவர வேண்டும். எண்ணெய்க்கடைக்காரர் தூக்குவாளியை முதலில் வெறுமனே எடை போட்டுக் கழித்துக்கொள்கிறாரே, அந்தக் கணக்குதான். அதற்கு பிளாங்க் என்று பெயர்.

முப்பது வருஷத்துக்கு மேல் லேபில் நின்றவள் நான். புதிதாக வருகிற பிள்ளைகள் அலட்சியமாகக் கையாள்கிற முதல் பொருள் எது என்று கேட்டால் இந்தக் குழாயைத்தான் சொல்வேன். என்னிடம் ஒரு பையன் இருந்தான், கைவேலையில் கெட்டிக்காரன். அவன் எடுத்த இலைச்சாற்றில் புரதம் நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போயிற்று. முகமெல்லாம் பூரிப்பு. மருந்து தெளித்த செடி, தெளிக்காத செடி இரண்டிலும் கூடுகிறதே என்றேன். அப்போதுதான் கழுவுகிற தொட்டிப் பக்கம் போய்ப் பார்த்தோம். டெஸ்ட் ட்யூப்களைச் சோப்புத் தூளில் ஊறவைத்து, அவசரத்தில் ஒரே அலசலோடு கவிழ்த்து வைத்திருந்தார்கள். டிடர்ஜென்ட்டும் அந்தச் சாயத்தை நீலமாக்கும். பையன் பிளாங்க் வைக்காமல் இல்லை. ஆனால் அதற்கு மட்டும் பெட்டியிலிருந்து புதுக் குழாய் எடுத்திருந்தான். சாம்பிள்களோ கழுவிய குழாய்களில். அங்கேதான் கணக்கு உதைத்தது. பிளாங்க்குக்கும் சாம்பிளுக்கும் நடுவில் ஒரே ஒரு வித்தியாசம்தான் இருக்கலாம். இரண்டு வித்தியாசம் இருந்தால் உன் எண் எதைச் சொல்கிறது என்று உனக்கே தெரியாது.

அத்தை உனக்குச் சொல்ல நினைப்பது இந்த ஒன்றுதான். எந்த ஜர்னல், எந்த டாபிக், எத்தனை வருஷத்தில் முடிக்கலாம் என்பதையெல்லாம் உன் கைடும் சீனியர்களும் பார்த்துக்கொள்வார்கள்.

பிசிஆர் போட ஆரம்பித்ததும் இதையே இன்னும் கடுமையாகச் சந்திப்பாய். முப்பது சுற்று ஓடினால், கணக்குப்படி ஒரு டிஎன்ஏ துண்டு 107 கோடியாகப் பெருகும். அவ்வளவு பசி உள்ள வேலை அது. பிப்பெட் முனையில் ஒட்டிய துளி போதும், காற்றில் பறந்த திவலை போதும். அதனால்தான் கடைசிக் குழாயில் டிஎன்ஏ சேர்க்காமல் தண்ணீரை மட்டும் விடுகிறோம். ஒவ்வொரு குழாயையும் ஜெல்லில் ஒரு லேனாக ஓட்டி, அதை யூவி வெளிச்சத்தில் வைக்கும்போது எல்லாரும் தங்கள் சாம்பிளில் ஆரஞ்சுப் பட்டை ஒளிர்கிறதா என்று தேடுவார்கள். நீ முதலில் அந்தத் தண்ணீர் லேனைப் பார். அது காலியாக இருந்தால் மற்றதைப் படிக்கலாம். அதிலும் பட்டை தெரிந்தால், பக்கத்தில் எத்தனை அழகான பட்டை இருந்தாலும் அன்றைய ஜெல்லில் முடிவு என்று எதுவும் கிடையாது. பிரைமர், தண்ணீர், பஃபர் எல்லாவற்றையும் கொட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டியதுதான்.

சொல்வது சுலபம். செமினாருக்கு இரண்டு நாள் இருக்கும், கைடு வாசலில் நின்று "என்ன ஆச்சு?" என்பார், ஃபெலோஷிப் பணம் மூன்று மாதமாக வந்திருக்காது. அந்த நேரத்தில் தண்ணீர் லேனில் ஒரு மெல்லிய பட்டை. எனக்குத் தெரிந்த ஒரு லேபில், பெயர் வேண்டாம், அந்த ஒரு லேனை மட்டும் வெட்டிவிட்டு மீதிப் படத்தை ஸ்லைடில் போட்டார்கள். யாரும் கேட்கவில்லை. அந்த முடிவை நம்பி அதன்மேல் தன் வேலையைக் கட்ட வந்த அடுத்த மாணவி, ஒன்றும் சரிவராமல், தனக்குத்தான் கை வரவில்லை என்று அழுதுகொண்டிருந்தாள். வெட்டியவருக்கு அதற்குள் வேலை கிடைத்துவிட்டது. அந்தப் பெண் மாட்டிக்கொண்டது எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

ஏதோ சின்னப் பல்கலைக்கழகத்தில், வசதியில்லாத லேபில் நடக்கிற சங்கதி என்று நினைத்துவிடாதே. 1960களின் தொடக்கத்தில் சோவியத் நாட்டில் கொஸ்த்ரோமா என்ற ஊரில் நிக்கொலாய் ஃபெத்யாகின் என்ற வேதியியலாளர், மயிரிழை போன்ற நுண்குழாய்களில் நீராவியைக் குளிரவிட்டு ஒரு விசித்திரத் திரவத்தைப் பார்த்தார். தண்ணீரைவிட அடர்த்தி. கூழ் மாதிரி பிசுபிசுப்பு. உறைய வேண்டிய குளிரில் உறைவதில்லை, கொதிக்க வேண்டிய சூட்டில் கொதிப்பதில்லை. மாஸ்கோவில் பெரிய பெயர் பெற்ற போரிஸ் தெர்யாகின் இந்த வேலையைக் கையில் எடுத்தார். 1969இல் மேரிலேண்டு பல்கலைக்கழகத்து எல்லிஸ் லிப்பின்காட்டும் கூட்டாளிகளும் அதன் அகச்சிவப்பு நிறமாலையை எடுத்து, இதுவரை தெரிந்த எந்தப் பொருளோடும் ஒத்துப்போகவில்லை என்று 'சயின்ஸ்' இதழில் எழுதினார்கள். 'பாலிவாட்டர்' என்று பெயரும் வைத்தாயிற்று. இது வெளியே கொட்டினால் கடல் தண்ணீரெல்லாம் கூழாகிவிடுமோ என்று பயந்தவர்கள்கூட உண்டு.

பெல் ஆய்வகத்தில் இருந்த டெனிஸ் ரூசோ ஒரு வேலை செய்தார். பந்து விளையாடிவிட்டு வந்து, நனைந்த பனியனைப் பிழிந்து, தன் வியர்வைக்கு அதே நிறமாலையை எடுத்தார். ஏறக்குறைய அச்சு அசலாகப் பாலிவாட்டர்! 1971இல் அதுவும் 'சயின்ஸ்' இதழிலேயே வந்தது. அது தண்ணீரின் புதிய வடிவமே இல்லை, அழுக்குக் கலந்த தண்ணீர். 1973இல் தெர்யாகினே அதை ஒத்துக்கொண்டு எழுதினார். ஒத்துக்கொண்டதற்காக அவரை நான் மதிக்கிறேன். ஆனால் இத்தனை பேர் மாய்ந்து மாய்ந்து அளந்தபோது, மாயமே இல்லாத ஒரு சாதாரணத் திரவத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கப் பெரும்பாலோருக்குத் தோன்றவில்லையே, அதைத்தான் நீ யோசிக்க வேண்டும். அவர்கள் யாரும் புரட்டுக்காரர்கள் இல்லை. ஆசைப்பட்டவர்கள், அவ்வளவுதான்.

இனி எனக்கு மிகவும் பிடித்த ஆய்வுக்கு வருகிறேன். கல்கத்தாவில் சம்புநாத் டே செய்தது. உன் பாடப்புத்தகத்தில் அவர் பெயர் வந்திருக்காது.

காலரா கிருமியை 1884இல் கல்கத்தாவில் வைத்தே ராபர்ட் கோக் பிரித்தெடுத்தார். கிருமி ஏதோ விஷத்தை உண்டாக்குகிறது என்ற எண்ணம் அவருக்கே இருந்தது. ஆனால் அந்த விஷத்தை யாராலும் காட்ட முடியவில்லை. எழுபது வருஷத்துக்கும் மேல் விலங்குகளின் ரத்தத்தில் ஏற்றினார்கள், தோலுக்கடியில் குத்தினார்கள், வயிற்றறையில் விட்டார்கள். சில விலங்குகள் செத்தன, சில பிழைத்தன. காலரா மட்டும் வரவில்லை. காலரா மனிதனைக் கொல்வது குடலிலிருந்து தண்ணீரும் உப்பும் பெருக்கெடுத்து வெளியேறுவதால். அப்படியிருக்க ரத்தத்தில் தேடி என்ன பயன்? டே குடலுக்குள் போனார்.

முயலுக்கு மயக்கம் கொடுத்து, வயிற்றைத் திறந்து, சிறுகுடலில் ஒரு சின்னத் துண்டின் இரு முனையையும் நூலால் கட்டினார். அந்தத் துண்டுக்குள் காலரா கிருமியை ஊசியால் செலுத்தினார். பக்கத்தில் அதேபோலக் கட்டிய இன்னொரு துண்டில் கிருமி இல்லாத திரவம். வயிற்றைத் தைத்துவிட்டு மறுநாள் திறந்து பார்த்தால், கிருமி போன துண்டு தண்ணீர் கோத்து உருண்டு திரண்டு நிற்கிறது. மற்றது சுருங்கிக் கிடக்கிறது. அதே முயல், அதே கத்தி, அதே நூல், அதே இரவு. வித்தியாசம் ஒன்றே ஒன்று. உன் பிளாங்க்குக்குச் சொன்னேனே, அதை இந்த மனிதர் உயிருள்ள குடலுக்குள் செய்து காட்டினார். சாட்டர்ஜி என்பவரோடு சேர்ந்து 1953இல் இதை வெளியிட்டார். 1959இல் இன்னும் ஒரு படி மேலே போய், கிருமிகளை வடிகட்டி எடுத்துவிட்டு, அவை வளர்ந்த திரவத்தை மட்டும் செலுத்தினார். அப்போதும் குடல்துண்டு வீங்கியது. ஆக, கிருமி தன் விஷத்தை வெளியே கக்குகிறது. 'நேச்சர்' இதழில் வந்த சின்னக் கட்டுரை அது.

(இன்றைக்கு முயலைத் தொட வேண்டுமென்றால் விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். வேண்டியதுதான். அந்தப் படிவத்தை எரிச்சல்படாமல் நிரப்பு. எத்தனை முயல், ஏன் அத்தனை என்று எழுதும்போதே உன் சோதனை பாதி தெளிவாகிவிடும்.)

அந்த விஷம் குடல் சுவரை அரித்துவிடுவதில்லை, உப்பையும் தண்ணீரையும் கொட்டச் செய்கிறது என்பது பிறகு விளங்கியது. சர்க்கரையும் உப்பும் சேர்ந்த கரைசலைக் குடித்தால் காலரா நோயாளியின் குடல் அதை உறிஞ்சிக்கொள்ளும் என்பதும் அந்த வருஷங்களில்தான் தெரிந்தது. 1971 வங்கதேசப் போரின்போது போன்காவ் அகதி முகாமில் டாக்டர் திலீப் மஹலனாபிஸ் அந்தக் கரைசலை டிரம் டிரம்மாகக் கலந்து கொடுத்தார். முகாமில் 30 சதவீதமாக இருந்த சாவு 3.6 சதவீதத்துக்கு இறங்கியது.

டேக்கு என்ன கிடைத்தது? ஜோஷுவா லெடர்பெர்க் அவர் பெயரை நோபலுக்குப் பரிந்துரைத்தார். 1978இல் காலரா பற்றிய நோபல் கருத்தரங்குக்கு அழைப்பு வந்தது. நம் நாட்டு அறிவியல் அகாடமிகள் அவரை உறுப்பினராகக்கூடச் சேர்த்துக்கொள்ளவில்லை. 1985இல் இறந்துபோனார். இதைச் சொல்லாமல் விட்டால் உனக்குப் பாதி உண்மைதான் சொன்னதாகும். ஒழுங்காக வேலை செய்தால் ஊர் மெச்சும் என்று நான் உனக்கு வாக்குக் கொடுக்க மாட்டேன். ஆனால் "எங்க லேபில் கன்ஃபோகல் இல்லை, மாஸ் ஸ்பெக் இல்லை" என்று நீ புலம்புகிற நாளில், நூலும் ஊசியும் முயலும் வைத்து அவர் எதைக் கேட்டார் என்பதை ஒருமுறை நினைத்துப் பார்.

சென்னையில் ஜி.என். ராமச்சந்திரன் கதை உனக்குத் தெரியும். தெரியாத பகுதி ஒன்று இருக்கலாம். 1950களின் நடுவில் கொலாஜன் என்ற புரதத்துக்கு அவரும் கோபிநாத் கர்த்தாவும் சொன்ன மூவிழை வடிவத்தில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்குகின்றன என்று வெளிநாட்டிலிருந்து ஆட்சேபம் வந்தது. அவர் கோபித்துக்கொண்டு உட்காரவில்லை. எவ்வளவு நெருங்கலாம் என்று ஏற்கெனவே அளந்து வெளியான படிகங்களிலிருந்து தூரங்களைத் திரட்டிப் பார்த்தார். அந்தத் திரட்டின்மேல் எழுந்ததுதான் சசிசேகரன், ராமகிருஷ்ணன் இருவரோடும் 1963இல் வெளியிட்ட வரைபடம். இன்று உலகில் எந்தப் புரத அமைப்பைக் கண்டுபிடித்தாலும் அந்தப் படத்தில் வைத்துத்தான் சரிபார்க்கிறார்கள். எதிரியின் கேள்வியை வாங்கி அளவுகோலாக்கிக்கொண்டார் மனிதர்.

லேபை விட்டு வெளியே வா. போன மழைக்காலத்தில் உன் பெரியப்பாவுக்கு டெங்கு. பப்பாளி இலைச்சாறு குடித்தார், தட்டணுக்கள் ஏறின, இப்போது தெரு முழுக்கப் பப்பாளிப் பிரசாரம். டெங்குவில் காய்ச்சல் விட்ட சில நாளில் தட்டணுக்கள் தாமாகவே ஏறும். சாறு குடிக்காத பக்கத்துப் படுக்கைக்காரருக்கு எவ்வளவு ஏறியது என்று அவர் கேட்கவில்லை. அவரோடு சண்டைக்குப் போகாதே, பாவம், பிழைத்து வந்த சந்தோஷம். ஆனால் உன் விஷயத்தில் அந்தப் பக்கத்துப் படுக்கையைத் தேடு. ஜேஆர்எஃப் பாஸானது முழுக்க உன் மூளையால் என்று தோன்றினால், உன்னோடு எம்எஸ்சி படித்துச் சாயங்காலம் துணிக்கடையில் நின்ற அந்தப் பெண்ணை நினைத்துக்கொள். உனக்கு மாதம் தவறாமல் அப்பா பணம் அனுப்பினார், கேட்டால் பதில் சொல்ல ஓர் அத்தை இருந்தாள். அதைக் கழித்தபிறகு மிஞ்சுவதுதான் உன்னுடையது. அது கொஞ்சமில்லை, இருந்தாலும் கழித்துப் பார். முதல் பேப்பர் திரும்பி வந்து, "நான் எதற்கும் லாயக்கில்லை" என்று ஹாஸ்டலில் படுத்துக்கொள்ளத் தோன்றும்போதும் இதே கணக்குதான். உன் சீனியர்களில் எத்தனை பேருக்கு முதல் பேப்பர் திரும்பாமல் போயிற்று என்று போய் விசாரி. என் கைடுக்கே திரும்பியிருக்கிறது.

கடைசியாக நோட்டு விஷயம். பைண்டு செய்த நோட்டாக வாங்கு, பக்கம் பிரிகிற ஃபைல் வேண்டாம். பக்க எண்ணை முதல் நாளே போட்டுவிடு. ஜெல் படத்தை ஒட்டும்போது தண்ணீர் லேனோடு முழுப்படமாக ஒட்டி, தேதி போட்டுக் கையெழுத்து வை. பட்டை வந்த நாளானாலும் சரி. கிழிக்காதே, மேலே வெள்ளை மை பூசாதே. தப்பாக எழுதிவிட்டால் ஒற்றைக் கோடு போட்டு அடி. கைடு அந்தப் பக்கத்தைப் பார்த்து முகம் சுளித்தால், "திரும்பப் போட்டுக் காட்டுகிறேன் சார், புது பிரைமருக்கு ஆர்டர் போடணும்" என்று மட்டும் சொல். பெரும்பாலான கைடுகள் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். போடாதவர் என்றால் எனக்கு ஒரு போன் செய்.