உண்டாவதாக

1863ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜ் நகரில், பிராட்டில் தெருவிலுள்ள பழைய வீடொன்றில் உணவு மேசையில் அமர்ந்திருந்த ஐம்பத்தாறு வயதுக் கவிஞரிடம் ஒரு தந்தி கொடுக்கப்பட்டது. போர்முனையிலிருந்த மூத்த மகன் படுகாயமுற்றான் என்பது செய்தி. ஹென்றி வாட்ஸ்வொர்த் லாங்ஃபெல்லோ இரண்டாம் மகன் எர்னஸ்ட்டை உடனழைத்துக்கொண்டு வாஷிங்டனுக்குப் புறப்பட்டார்.

இந்தியக் கல்லூரிகளில் ஆங்கிலம் பயின்ற பலருக்கு லாங்ஃபெல்லோவின் பெயர் 'எ சாம் ஆஃப் லைஃப்' என்ற ஒரே கவிதையின் வழியாகத்தான் அறிமுகம். 1838இல் வெளிவந்த அக்கவிதையின் ஊக்கமொழிகள் மேடைப் பேச்சுகளில் இன்றும் எடுத்தாளப்படுகின்றன. அதனால் அவரை எளிதாக நம்பிக்கையூட்டும் கவிஞர் என்று வகைப்படுத்திவிடுவது வழக்கம். அந்த நம்பிக்கை எந்த வாழ்விலிருந்து வந்தது என்பதை அறிய, அந்தத் தந்திக்கு முந்தைய ஆண்டுகளைப் பார்க்க வேண்டும்.

அவர் தொழிலால் மொழிப் பேராசிரியர். ஹார்வர்டில் பதவியேற்பதற்கு முன் ஐரோப்பிய மொழிகளில் மேலும் தேர்ச்சி பெறுவதற்காக 1835இல் மனைவி மேரியுடன் பயணம் சென்றார். அந்தப் பயணத்தின்போதே, கருச்சிதைவுக்குப் பின் நோயுற்ற மேரி ராட்டர்டாம் நகரில் இறந்துபோனார். லாங்ஃபெல்லோ தனியராக நாடு திரும்பினார். பின்னர் பாஸ்டனின் ஆப்பிள்டன் குடும்பத்துப் பெண்ணான ஃபேனியை நேசித்து, ஏறத்தாழ ஏழாண்டுகள் காத்திருந்து, 1843 ஜூலை 13 அன்று மணந்தார். அவர்களுக்கு ஆறு பிள்ளைகள் பிறந்தனர். அவர்களுள் ஒரு பெண்குழந்தை ஒன்றரை வயதுக்குள் இறந்தது.

1861 ஜூலை 9 அன்று ஃபேனியின் மெல்லிய கோடையாடையில் தீப்பற்றியது. பிள்ளைகளின் தலைமுடிக் கற்றைகளை உறையிலிட்டு அரக்கு முத்திரை வைத்துக்கொண்டிருந்தபோது அது நேர்ந்ததாகச் சொல்லப்படுகிறது. எரியும் ஆடையுடன் அவர் கணவரின் படிப்பறைக்குள் ஓடினார். லாங்ஃபெல்லோ அருகிலிருந்த சிறு விரிப்பால் தீயை அணைக்க முயன்றார். அது போதாதபோது தம் உடலாலேயே அவரை அணைத்துக்கொண்டார். மறுநாள் ஃபேனி இறந்தார். ஜூலை 13 அன்று அடக்கம் நடந்தது. அது அவர்களுடைய மணநாள். முகமும் கைகளும் வெந்து படுக்கையில் கிடந்த கணவரால் அடக்கத்துக்குச் செல்ல இயலவில்லை. பிற்காலப் படங்களில் காணப்படும் நீண்ட வெண்தாடி முதுமையின் அடையாளமாகத் தோன்றலாம். தீக்காயத்தின் வடுக்களால் சவரம் செய்ய இயலாமற்போனதே அது வளர்ந்ததற்குக் காரணம்.

அவ்வாண்டு கிறிஸ்துமஸ் பற்றி நாட்குறிப்பில் அவர் எழுதியது சிலவே. பண்டிகை நாட்கள் எல்லாம் சொல்லி முடியாத துயரம் தருபவை என்ற பொருளில் ஒரு வரி. அடுத்த ஆண்டு, பிள்ளைகள் கூறும் கிறிஸ்துமஸ் வாழ்த்து இனித் தமக்குரியதன்று என்ற பொருளில் இன்னொரு வரி. வீட்டில் தாயற்ற சிறுமியர் மூவர் இருந்தனர். அவர்களுக்காகப் பண்டிகை நடக்கத்தான் வேண்டியிருந்தது.

இக்காலத்தில் சொந்தமாக எழுதுவது அவருக்கு அரிதாயிற்று. எனவே அவர் மொழிபெயர்ப்புக்குத் திரும்பினார். முன்பே தொட்டு வைத்திருந்த தாந்தேயின் 'தெய்விக நாடக'த்தை மீண்டும் எடுத்து, நாள்தோறும் அதனுடன் அமர்ந்தார். அது 1867இல் நூலாக வெளிவந்தது. ஆய்வுலகில் இருப்போர்க்கு இதன் பொருள் விளங்கும். சொந்தச் சொற்கள் வராத நாட்களில், பிறர் சொன்ன ஒரு வாக்கியத்துக்குச் சரியான இணைச்சொல் தேடுவது கைக்கு ஒரு வேலையையும் நாளுக்கு ஓர் ஒழுங்கையும் தருகிறது.

வீட்டுக்கு வெளியே நாடு இரண்டாகப் பிளந்திருந்தது. லாங்ஃபெல்லோ 1842லேயே அடிமைமுறைக்கு எதிரான கவிதைகளை நூலாக வெளியிட்டவர். அடிமைகளின் விடுதலைக்காக அவர் சத்தமின்றிக் கொடுத்த தொகைகள் அவருடைய கணக்கேடுகளில் பதிவாகியுள்ளன. அவருடைய உற்ற நண்பர் சார்லஸ் சம்னர் செனட் அவையில் அடிமைமுறையைக் கண்டித்துப் பேசியதற்காக 1856இல் அந்த அவையிலேயே கைத்தடியால் தாக்கப்பட்டவர். எனவே போரில் எந்தப் பக்கம் நியாயம் என்பதில் கவிஞருக்கு ஐயமில்லை. ஆயினும் அவர் போரை வெறுத்தார். தம் மகன் படையில் சேருவதை அவர் விரும்பவில்லை.

1863 தொடங்கியது ஒரு தந்தியோடுதான். முந்தைய டிசம்பர் 31 இரவு கறுப்பின மக்கள் ஆலயங்களில் கூடி விழித்திருந்து, லிங்கனின் விடுதலைப் பிரகடனம் நடைமுறைக்கு வரும் புத்தாண்டை எதிர்நோக்கினர். ஜனவரி முதல் நாள், லாங்ஃபெல்லோவின் வீட்டிலிருந்து ஆற்றைக் கடந்தால் வரும் பாஸ்டனில், டிரெமான்ட் டெம்பிள் அரங்கில் ஃபிரெடெரிக் டக்ளஸ் உள்ளிட்ட பெருங்கூட்டம் தந்திச் செய்திக்காக இரவு வெகுநேரம் காத்திருந்தது. செய்தி வந்ததும் அரங்கம் ஆர்ப்பரித்தது. அதே ஆண்டு மார்ச்சில், பதினெட்டு வயது சார்லஸ் தந்தையிடம் சொல்லாமல் வீட்டைவிட்டுச் சென்று படையில் சேர்ந்து, விரைவிலேயே மாசசூசெட்ஸ் முதல் குதிரைப்படையில் அதிகாரியானான். ஜூலையில் கெட்டிஸ்பர்க்கில் மூன்றே நாட்களில் இருதரப்பிலும் சேர்த்து ஏறத்தாழ 50,000 பேர் இறந்தோ காயமுற்றோ காணாமலோ போயினர். சார்லஸ் அப்போது காய்ச்சலால் படையிலிருந்து விலகியிருந்ததால் தப்பினான். நவம்பர் 27 அன்று வர்ஜீனியாவில் நியூ ஹோப் சர்ச் என்னுமிடத்தில் அவன் மீது குண்டு பாய்ந்தது. இடத்தின் பெயர் 'புதிய நம்பிக்கை ஆலயம்' என்று பொருள்படும். குண்டு ஒரு தோளில் நுழைந்து முதுகெலும்பை உரசி மறுபுறம் வெளியேறியது. சற்று விலகியிருந்தால் கால்கள் செயலற்றுப் போயிருக்கும். டிசம்பர் எட்டாம் நாள் தந்தையும் தம்பியும் அவனை வீடு கொண்டுவந்து சேர்த்தனர்.

பதினேழு நாட்கள் கழித்துக் கிறிஸ்துமஸ் வந்தது. அன்று ஆலய மணிகளைக் கேட்டு லாங்ஃபெல்லோ 'கிறிஸ்துமஸ் பெல்ஸ்' என்னும் கவிதையை எழுதினார் என்பது பொதுவான கருத்து. அது 1865 பிப்ரவரியில் சிறுவர் இதழொன்றில் அச்சாயிற்று. 1872இல் ஜான் பாப்டிஸ்ட் கால்கின் என்பவரின் மெட்டோடு இணைந்து பாடலாயிற்று. 1956இல் ஜானி மார்க்ஸ் அமைத்த வேறு மெட்டில் பிங் கிராஸ்பி பாடி உலகெங்கும் பரவிற்று. ஆங்கில ஆராதனை நடக்கும் இந்திய ஆலயங்களிலும் டிசம்பர் மாதத்தில் இதைக் கேட்கலாம்.

கவிதைக்கு ஏழு பத்திகள். முதல் மூன்றில் மணிகள் ஒலிக்கின்றன. பூமியில் சமாதானம் என்ற தேவதூதர் பாடல் பத்திதோறும் ஈற்றில் மீள்கிறது. நான்காவதில் தெற்கே பீரங்கி முழங்கி அந்தப் பாடலை அமிழ்த்துகிறது. ஐந்தாவதில் நிலநடுக்கம் தாக்கியதுபோல் நாட்டின் அடுப்பங்கரைகள் பிளவுண்டு வீடுகள் ஆறுதலிழக்கின்றன. ஆறாவதில் கவிஞர் தலைகுனிந்து, சமாதானம் என்பதே உலகில் இல்லை என்கிறார். ஏழாவதில் மணிகள் மேலும் ஆழமாக ஒலித்துக் கடவுள் சாகவுமில்லை, உறங்கவுமில்லை என்கின்றன.

பாடலாகப் பாடப்படும்போது நான்காம், ஐந்தாம் பத்திகள் பெரும்பாலும் விடப்படுகின்றன. பீரங்கி நீக்கப்படுவதால் ஆறாம் பத்தியின் தலைகுனிவுக்குக் காரணமே இல்லாமற்போகிறது. எங்கிருந்தோ ஒரு சோர்வு வருகிறது, அடுத்த பத்தியில் தானே நீங்கிவிடுகிறது. கேட்போர்க்கு இதமாக இருக்கலாம். ஆனால் அந்த வீட்டின் மாடியில் காயம் ஆறாத பத்தொன்பது வயது மகன் படுத்திருந்ததும், அவ்வீட்டின் அடுப்பங்கரையில் தாய் இல்லாததும் பாடலிலிருந்து அகற்றப்பட்டுவிடுகின்றன.

ஆறாம் பத்திக்கும் ஏழாம் பத்திக்கும் இடையில் நடப்பது என்ன? மொழியியல் பயின்றோர் கண்ணில் முதலில் படுவது ஓர் இலக்கணச் செய்தி. தேவதூதர் பாடல் லூக்கா நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தில் உள்ளது. அதன் கிரேக்க மூலத்தில் வினைச்சொல் இல்லை. லாங்ஃபெல்லோ அறிந்திருந்த ஆங்கில மொழிபெயர்ப்பிலும் இல்லை. பூமியில் சமாதானம் என்ற அளவில் வாக்கியம் நின்றுவிடுகிறது. 'உண்டு' என்பதா, 'உண்டாகும்' என்பதா, 'உண்டாகுக' என்பதா? கிரேக்கமும் ஆங்கிலமும் அதைத் திறந்தே வைத்திருக்கின்றன. ஆறாம் பத்தியில் கவிஞர் அதை 'உண்டு' என்ற கூற்றாகக் கொள்கிறார். கூற்றாகக் கொண்டால் சான்று கேட்கலாம். 1863இன் சான்று கெட்டிஸ்பர்க். எனவே அது பொய் என்ற முடிவுக்கு வருகிறார். ஏழாம் பத்தியில் அந்தக் கூற்று நிகழ்காலத்தை விட்டு எதிர்காலத்துக்கு நகர்கிறது: தீமை தோற்கும், நன்மை வெல்லும். போர் முடிந்துவிட்டதாக அவர் சொல்லவில்லை. போர் இன்னும் பதினாறு மாதங்கள் நீடித்தது.

தமிழ் விவிலியத்தை மொழிபெயர்த்தோர் இவ்விடத்தில் வேறு வழி சென்றனர். புராட்டஸ்டண்டு சபைகளில் இன்றும் வழங்கும் பழைய மொழிபெயர்ப்பில் வாக்கியம் 'உண்டாவதாக' என்று முடிகிறது. பிற்காலத்துப் பொது மொழிபெயர்ப்பில் 'உண்டாகுக' என்று முடிகிறது. இரண்டும் வியங்கோள். மூலத்தில் இல்லாத வினையைத் தமிழ் தன் இயல்பால் வேண்டியபோது, மொழிபெயர்ப்பாளர்கள் 'உண்டு' என்ற குறிப்புமுற்றைத் தேர்ந்திருக்கலாம், தேரவில்லை. வியங்கோளை மெய்யென்றோ பொய்யென்றோ சோதிக்க இயலாது. பீரங்கி முழங்குவதால் ஒரு வேண்டுதல் பொய்யாகிவிடுவதில்லை. முழங்கும்போதுதான் அது தேவைப்படுகிறது. மேலும், தமிழில் வியங்கோள் ஒரு பொருளோடு நிற்பதன்று. வாழ்த்தல், வேண்டல், விதித்தல் ஆகிய மூன்றுக்கும் அதே வடிவம். 'சமாதானம் உண்டாவதாக' என்பது தூதர் வாயில் வாழ்த்து. மனைவியை இழந்தவர் வாயில் வேண்டல். கேட்டுக்கொண்டிருப்போர்க்கு அதுவே விதியும் ஆகலாம். மூன்றாவதை மறந்து முதலிரண்டை மட்டும் பாடுவது எளிது.

லாங்ஃபெல்லோவின் சமயநம்பிக்கை யூனிட்டேரியன் மரபைச் சேர்ந்தது. கோட்பாட்டு வாதங்களில் அவருக்கு நாட்டம் குறைவு. துயரத்துக்கு விளக்கம் தரும் நம்பிக்கையாக அது இருந்ததாகத் தெரியவில்லை. ஃபேனி இறந்து பதினெட்டு ஆண்டுகளுக்குப் பின், 1879இல், அவர் பதினான்கு வரிக் கவிதையொன்று எழுதினார். மேற்கே ஒரு மலைச்சரிவில் வெயில் படாத பிளவுகளில் சிலுவை வடிவில் உறைந்திருக்கும் பனியைத் தம் நெஞ்சின்மீது சுமக்கும் சிலுவையாக அதில் காண்கிறார். அந்தக் கவிதையை அவர் வெளியிடவில்லை. 1882இல் அவர் இறந்தபின் தாள்களிடையே கண்டெடுக்கப்பட்டது. மணிகளின் கவிதையை ஊரறியக் கொடுத்தவர், பனிச்சிலுவையைத் தம்மிடமே வைத்துக்கொண்டார். பின்னதை வைத்து முன்னதை வெறும் வேடம் என்று சொல்லிவிட முடியாது. பதினெட்டு ஆண்டுகளாகக் கரையாத பனியோடுதான் ஒருவர் மணியோசையையும் நம்பினார்.

போர்க்காலத்தின் இரண்டு பத்திகளை விடாமல் கிறிஸ்துமஸைக் கொண்டாடுவது எப்படியிருக்கும் என்பதைப் பெத்லகேம் 2023 டிசம்பரில் காட்டியது. காசாவில் போர் நடந்துகொண்டிருந்ததால் அவ்வாண்டு அவ்வூரில் விளக்கலங்காரங்களும் பொதுவிழாக்களும் கைவிடப்பட்டன. அங்குள்ள லூத்தரன் கிறிஸ்துமஸ் ஆலயத்தில் குடிலுக்குப் பதிலாக இடிந்த கற்காரைத் துண்டுகளைக் குவித்து, அவற்றின் நடுவே குழந்தை இயேசுவைப் பாலஸ்தீனத் துணியால் போர்த்திக் கிடத்தினர். அதைப் பிறழ்வு என்று கருதுவோர் மத்தேயு நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தைப் படித்துப் பார்க்கலாம். ஏரோதின் படைவீரர்களும் பெத்லகேமின் தாய்மாரும் அந்தப் பிறப்புக் கதைக்குள்ளேயே இருக்கின்றனர்.

டிசம்பர் 31 இரவு இந்தியாவெங்கும் தமிழ்ச் சபைகளில் வருட இறுதி ஆராதனை நடக்கும். உக்ரைனுக்காகவும் சூடானுக்காகவும் மணிப்பூருக்காகவும் மன்றாடும் சபைகள் இருக்கும். அவற்றின் பெயரைச் சொல்லாமலே நள்ளிரவைக் கடக்கும் சபைகளும் இருக்கும். எந்தச் சபையிலும் அந்த ஆண்டில் ஒருவரை இழந்த குடும்பம் ஒன்றேனும், வழக்கமான இருக்கையில் ஓர் ஆள் குறைவாக அமர்ந்திருக்கும். பன்னிரண்டு மணிக்கு மணி அடிக்கும். எல்லாரும் எழுந்து கைகுலுக்கி வாழ்த்துச் சொல்வர். அந்த இருக்கையருகே வருவோர் ஒரு கணம் தயங்குவர். மகிழ்ச்சியான புத்தாண்டு என்று அவர்களிடம் சொல்ல நா எழாது. அப்போது சொல்வதற்கு ஒரு சொல் தமிழில் இருக்கிறது. சமாதானம் இருக்கிறது என்று அது சொல்வதில்லை. உண்டாவதாக என்று மட்டுமே சொல்கிறது.