தெளிந்த நீர்

நீரின் நிறம், மணம், சுவை மூன்றும் மாறியிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டுமென அஹதிய்யா வகுப்பில் வுளூவின் சட்டங்களைப் படித்தபோது கற்றோம். அது வுளூவுக்கான பாடம். குடிக்கும் நீருக்கு இன்னும் சில கேள்விகள் இருக்கின்றன என்பதை உயர்தர இரசாயன வகுப்பில் அறிந்தேன்.

டியூசனில் என்னோடு படிக்கும் தோழியொருத்தி பசறைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வருபவள். அவர்களுடைய லயத்துக்குப் பீலித் தண்ணீர்தான். பீலிக்கு மேலே தேயிலை மலை. அங்கே உரம் போடுவார்கள். அக்காவின் மூன்று மாதக் குழந்தைக்கு அந்த நீரில்தான் பால்மா கரைக்கிறார்கள். "அம்மா நல்லாக் கொதிக்க வச்சுத்தான் எடுப்பாங்க. இருந்தாலும் உங்க லெப்ல ஒருக்காப் பாரேன்" என்று ஒரு போத்தல் தந்தாள்.

டீச்சரின் அனுமதியோடு பார்த்தோம். ஐதான நைத்திரிக்கமிலமும் வெள்ளி நைத்திரேற்றும் சேர்த்தபோது இலேசான வெண்கலங்கல் வந்தது, அது குளோரைட்டு. ஐதான ஐதரோகுளோரிக்கமிலமும் பேரியங் குளோரைட்டும் சேர்த்ததில் வீழ்படிவு எதுவுமில்லை, சல்பேற்று தென்படவில்லை. ஆனால் நான் தேடியது நைத்திரேற்றை. அதன் உப்புகள் பொதுவாக நீரில் கரைந்துவிடுவதால் வீழ்படிவாக்கிப் பிடிக்க முடியாது. புதிதாகக் கரைத்த பெரசு சல்பேற்றை நீரோடு கலந்து, குழாயைச் சரித்து, செறிந்த சல்பூரிக்கமிலத்தைச் சுவரோரமாக டீச்சர் மெல்ல ஊற்றினார். நைத்திரேற்று போதியளவு இருந்தால் இரண்டு திரவங்களும் சந்திக்குமிடத்தில் கபில நிற வளையம் தோன்றும்.

வளையம் தோன்றவில்லை. எனக்குப் பெரிய நிம்மதி. டீச்சரோ, "இல்லை என்று எழுதாதீங்க மகள், தென்படவில்லை என்று எழுதுங்க" என்றார்.

காரணத்தையும் சொன்னார். குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக் கூடாதென்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். கூடினால் அது கைக்குழந்தையின் உடலில் நைத்திரைற்றாக மாறி, குருதி ஒட்சிசன் காவுவதைக் குறைத்துவிடும். அந்த அளவைச் சொல்ல நம் வளையத்தால் முடியாது. கொதிக்க வைத்தால் கிருமிகள் சாகும், நைத்திரேற்று போகாது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும்.

மறுநாள் தோழியிடம், "தண்ணி நல்லது" என்று சொல்லி அவளைச் சந்தோஷப்படுத்த ஆசையாகத்தான் இருந்தது. சொல்லவில்லை. பார்த்தவற்றையும் பார்க்க முடியாதவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அடியில், "நைத்திரேற்றின் அளவை நீர் பரிசோதனைக்கூடத்தில் பார்க்க வேண்டும், குடும்பநல மாதுவிடம் இதைக் காட்டவும்" என்று சேர்த்தேன்.

அவள் அதை இரண்டு தரம் வாசித்துவிட்டு, மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.