சின்ன ராடுக்கு எந்த ரீல்?

பெரிய ரீல் வாங்குனாத்தான் பெரிய மீன் மாட்டும்னு நினைக்கிற ஆளா நீங்க? கொஞ்சம் நில்லுங்க!

எங்க குருசுக்குப்பத்தில் அப்பா, கட்டையில் சுத்துன நரம்பை விரலால் விட்டே மீன் பிடிப்பார். எனக்கோ ராடு ஆசை. பகுதிநேர வேலையில் ஆறு மாசம் சேர்த்த காசு. தப்பா வாங்கினா மறுபடி வாங்க வழியில்லை.

முதலில், ராடின் கைப்பிடிக்கு மேல் அச்சடித்திருக்கும் எண்ணைப் பாருங்க. என்னுடையதில் 6-12 பவுண்டு. அதற்கு 2500 சைஸ் ரீல் போதும். 5000 மாட்டினால் பின்பக்கம் கனத்து, கொஞ்ச நேரத்திலேயே மணிக்கட்டு கெஞ்சும். ரீலை மாட்டி, அதற்குச் சற்று முன்னால் ஒரு விரலில் ராடை நிறுத்துங்க. சாயாமல் நின்றால் ஜோடிப் பொருத்தம் பிரமாதம்!

நரம்புக்கு 10 பவுண்டு பின்னல் நூல். அதே பலமுள்ள நைலானைவிட மெல்லிசு. சின்ன ஸ்பூலிலும் நிறைய கொள்ளும். ஆனால், அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்துக் கொடுவாவுக்கு செவுள் மூடி பிளேடு மாதிரி. அதனால் நுனியில் ரெண்டு முழம் தடித்த நைலான் கட்டாயம்.

ரீலை எவ்வளவு முடுக்கணும்? அப்பாவைக் கேட்டேன். "அறுந்தா நமக்கு நரம்புதான் போகும், முள்ளோட போற மீனுக்கு உசுரே போகும்டா. விட்டுப் பிடி" என்றார். ராடுக்காரர்கள் கணக்கும் அதேதான்: நரம்பின் பலத்தில் மூணில் ஒரு பங்கைத் தாண்டாதீங்க!